ஆயில் ரிப்போர்ட்டில் சிவப்பு விழுந்தால்: சிந்தெடிக் ஆயிலைக் குறை சொல்வதற்கு முன் எங்கெங்கே பார்ப்பது

காட்பாடியில் ஒரு டிராவல்ஸில் ஆறு டீசல் வண்டி, ஒரு பெட்ரோல் வண்டி ஓடுகின்றன. அவற்றின் பராமரிப்பு என் பொறுப்பு. சென்னை ஏர்போர்ட், பெங்களூரு, திருப்பதி என்று நீள ஓட்டமும் உண்டு, ஸ்டேஷனில் இறங்குகிற நோயாளிகளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுகிற குட்டிச் சவாரியும் உண்டு. எல்லாவற்றிலும் சிந்தெடிக் ஆயில்தான். அது காசுக்கு உழைக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஓடிய ஆயிலைப் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். நிறத்தைப் பார்த்தும் விரலில் தேய்த்தும் ஆயில் செத்துவிட்டது என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டீசல் இன்ஜினில் ஊற்றிய கொஞ்ச நாளிலேயே ஆயில் கறுத்துவிடும், கரியைக் கட்டி சேரவிடாமல் தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். அதில் இருபது இருபத்தைந்து வரி இருக்கும். ஆயிலின் உடல்நிலையைச் சொல்கிற வரிகள் நாலைந்துதான்: விஸ்காசிட்டி (கெட்டித்தன்மை), டி.பி.என். (அமிலத்தைச் சமன் செய்யும் கையிருப்பு), டி.ஏ.என். (ஆயிலிலுள்ள அமிலம்), ஆக்ஸிடேஷன் (ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடுவது), நைட்ரேஷன் (நைட்ரஜன் வாயுக்களோடு சேர்ந்து கெடுவது). மற்ற வரிகள் இன்ஜினையும், அதற்குக் காற்று வரும் வழியையும், கூலன்ட் ஓடும் வழியையும், டீசல் எரிகிற விதத்தையும் பற்றியவை. இரும்பு கூடிவிட்டது, இந்த ஆயில் மட்டம் என்று முடிவு கட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, புது ஆயில் சாம்பிள். அதே டப்பாவிலிருந்து 100 மில்லி எடுத்து ஒருமுறை அனுப்பி, அதன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சிந்தெடிக் ஆயிலை எடைபோட முடியாது. ஏன் என்று கீழே வரும்.

எல்லா எண்ணும் தாறுமாறாக இருக்கிறது

முதலில் சாம்பிளைச் சந்தேகியுங்கள். ஆரம்பத்தில் நான் காலி தண்ணீர் பாட்டிலை போர் தண்ணீரில் அலசிவிட்டு அதில் பிடித்தேன். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வாயில் வைத்தால் கரிக்கும். ரிப்போர்ட்டில் தண்ணீர் இருக்கிறது, சோடியம் கூடுதல் என்று வந்தது. கூலன்ட் உள்ளே இறங்குகிறதோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. திரும்ப லேப் கொடுத்த காய்ந்த பாட்டிலில் பிடித்து அனுப்பியபோது ஒன்றுமில்லை.

பிடிக்கிற முறை இதுதான். வண்டி ஓடி வந்த சூட்டோடு, டிரெயின் போல்ட்டைச் சுற்றி ஒட்டியிருக்கிற மண்ணைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். முதலில் பாய்கிற ஆயிலை டிரேயில் விட்டுவிடுங்கள், அடியில் தங்கின கசடெல்லாம் அதில்தான் வரும். பாதி இறங்கும்போது பாட்டிலை நீட்டி, முக்கால்வாசி பிடித்து உடனே மூடுங்கள். கடைசிச் சொட்டும் வேண்டாம். ஆயில் கேஜ் குழாய் வழியாகக் கைப்பம்பில் உறிஞ்சி எடுத்தாலும் சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே முறையில் எடுங்கள். பாட்டிலின் மேல் ஆயில் ஓடிய கிலோமீட்டர், வண்டியின் மொத்தக் கிலோமீட்டர், இடையில் எவ்வளவு டாப்-அப் செய்தீர்கள் என்ற மூன்றையும் எழுதாமல் அனுப்பாதீர்கள்.

சிலிகான் ஏறியிருக்கிறது

நம் ஊரில் அதிகம் வரும் புகார் இது, எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.

குடியாத்தம் பக்கம் ஒரு கல் குவாரி வேலைக்கு மூன்று மாதம் ஒரு வண்டியை விட்டிருந்தோம். 9,000 கிலோமீட்டரில் எடுத்த சாம்பிளில் சிலிகான் 54 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 54 பங்கு), இரும்பு 61, அலுமினியம் 17. அதே ஆயில் ஊற்றி ஹைவேயில் ஓடுகிற மற்ற வண்டிகளில் சிலிகான் பத்துக்குள், இரும்பு இருபது சொச்சம். எங்கள் மெக்கானிக் பாய் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். ரிப்போர்ட்டைக் கேட்டுவிட்டு, “ஆயில் கம்பெனியை மாத்திப் பாரு தம்பி” என்றார். “பாய், ஆயில் மோசமா இருந்தா ஆறு வண்டியிலும் ஏறணும், இது ஒண்ணுல மட்டும் ஏறியிருக்கு” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு பானெட்டைத் திறந்தார்.

ஏர் ஃபில்டர் பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. ஃபில்டர் பெட்டிக்கும் டர்போவுக்கும் நடுவில் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்பக்கம் வெள்ளை வேட்டித் துணியை விட்டு ஒரு சுற்று துடைத்து எடுத்தார். துணியில் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை, மஞ்சள்பொடியைவிட மெல்லியதாக, விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறவென்றது. ஃபில்டரைத் தாண்டின பிறகு அங்கே ஒரு துளி தூசியும் இருக்கக் கூடாது. பார்த்தால் பெட்டியின் அடிக் கிளிப் ஒன்று உடைந்து, யாரோ கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறார்கள், ஃபில்டரின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் உட்காரவே இல்லை. கிளிப் மாற்றினோம், ஹோஸ் கிளாம்ப் இரண்டையும் மாற்றினோம், ஆயில் மாற்றினோம். அடுத்த சாம்பிளில் சிலிகான் 14, அதற்கடுத்து 8.

சிலிகானும் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து ஏறினால் தூசி. மண்ணிலேயே சிலிகானோடு அலுமினியம் உண்டு, அந்த மண் ரிங்கையும் லைனரையும் பிஸ்டனையும் அரைக்கும்போது இரும்பும் இன்னும் கொஞ்சம் அலுமினியமும் கூடும். உலகத்திலேயே விலை உயர்ந்த ஆயிலாக இருந்தாலும் மணலை வழவழப்பாக்கிவிட முடியாது. சிலிகான் மட்டும் ஏறி மற்றவை அசையாமல் இருந்தால் அண்மையில் ஏதாவது கேஸ்கெட் வேலை நடந்ததா என்று கேளுங்கள். இன்ஜின் அடியில் ஆயில் தேங்குகிற ஆயில் பேனில் தடவுகிற சிலிகான் பேஸ்ட்டிலிருந்து அது கசிந்து வரும், புது வண்டியிலும் வரும், இரண்டு மூன்று ஆயில் மாற்றத்தில் தானாக இறங்கிவிடும். ஆயிலில் நுரை வராமல் இருக்கச் சேர்க்கிற மருந்திலும் சில பி.பி.எம். சிலிகான் உண்டு, அதனால் பூஜ்யத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

தயவுசெய்து கம்ப்ரஸர் காற்றை வைத்து ஃபில்டரை ஊதாதீர்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். பாலாற்று ஓரத்து ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு ஒரு ஃபில்டரின் விலை ஒன்றுமே இல்லை.

இரும்பு மட்டும் கூடுதல்

கிலோமீட்டரைக் கணக்கில் எடுங்கள். 5,000 ஓடியதில் 15-ம் 15,000 ஓடியதில் 45-ம் ஒரே தேய்மானம்தான், ஆயிரத்துக்கு 3. ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டிவிட்டு “போன தடவை 15 தானே இருந்தது” என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் ஆயிரத்துக்கு 3 என்பது 6 ஆனால் கவனியுங்கள். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் துருவும் இரும்பாகத்தான் கணக்கில் வரும்.

விஸ்காசிட்டி இறங்கிவிட்டது

5டபிள்யூ-30 ஆயில் என்றால் 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (விஸ்காசிட்டியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். புதிதில் 12.0 இருந்தது 10.1 ஆனால் பரவாயில்லை, கிரேடுக்குள்தான் இருக்கிறது. 8.8 என்று வந்தால் அது 20 கிரேடுக்கு இறங்கிவிட்டது.

இறங்குவதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, டீசலோ பெட்ரோலோ ஆயிலில் கலந்திருக்கிறது. இல்லையென்றால் ஆயிலில் கெட்டித்தன்மைக்காகச் சேர்த்த பாலிமர் கியரிலும் செயினிலும் நசுங்கி அறுந்துவிட்டது. முதலாவது வண்டியின் பிரச்சினை அல்லது ஓட்டத்தின் பிரச்சினை, இரண்டாவதுதான் ஆயிலின் தரம். இதைப் பிரிக்க ஃப்ளாஷ் பாயின்ட் (ஆயிலின் ஆவி தீப்பற்றுகிற சூடு) வரியைப் பாருங்கள். புது ஆயிலில் அது 200 டிகிரிக்கு மேல் இருக்கும், எரிபொருள் கலந்தால் நன்றாக இறங்கிவிடும். லேபில் கேஸ் குரோமடோகிராஃபி (ஆயிலில் கலந்ததைப் பிரித்து அளக்கும் முறை) வசதி இருந்தால் எரிபொருள் சதவீதத்தை அதில் கேட்டு வாங்குங்கள், விஸ்காசிட்டியை வைத்து ஊகிக்கிற எண் இந்தக் கேள்விக்கு உதவாது.

எங்களிடம் ஸ்டேஷன் சவாரிக்கு மட்டும் ஓடுகிற பி.எஸ். 6 (புதிய புகை மாசு விதி) டீசல் வண்டியில் இது நடந்தது. புகைக்குழாய் வழியில் கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். ஃபில்டரில் சேர்கிற கரியை எரிக்க, வண்டி தானாகவே கூடுதல் டீசலைத் தெளித்துச் சூடேற்றும். பல வண்டிகளில் அந்தத் தெளிப்பு சிலிண்டருக்குள்ளேயே நடக்கிறது. எரிந்து முடிவதற்குள் டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை அணைத்துவிடுவார். அப்புறம் மறுபடி ஆரம்பம், மறுபடி அணைப்பு. தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரை நனைத்துக் கீழே ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கும். கேஜை உருவிப் பார்த்தால் ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றது, வாசம் பிடித்தால் டீசல். ஆயில் மட்டம் ஏறுவது ஒருநாளும் நல்ல செய்தி இல்லை. அந்த வண்டியை வாரம் இரண்டு முறை பெங்களூரு சவாரிக்கு மாற்றிவிட்டோம், ஆயில் இடைவெளியையும் குறைத்தோம். ஆயில் பிராண்டை மாற்றவில்லை, மாற்ற வேண்டிய அவசியமும் வரவில்லை.

எரிபொருள் கலப்பு இல்லை, ஆனாலும் விஸ்காசிட்டி ஒவ்வொரு முறையும் கிரேடை விட்டு இறங்குகிறது என்றால் தாராளமாக ஆயிலை மாற்றுங்கள். பைக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் இது சீக்கிரமே தெரியும். 10டபிள்யூ-40 ஊற்றியது கொஞ்ச ஓட்டத்திலேயே 30 கிரேடுக்கு வந்து நிற்பது சகஜம். நல்ல சிந்தெடிக்கின் வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று கண்ணில் படும், அடிப்படை எண்ணெயே வெப்பத்தில் அதிகம் இளகாது, அதனால் பாலிமர் குறைவாகச் சேர்த்தால் போதும்.

விஸ்காசிட்டி ஏறியிருக்கிறது, ஆக்ஸிடேஷன் எண்ணும் பயமுறுத்துகிறது

கத்திரி வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறுகிற வண்டிக்கு ஆயில் சூடு எவ்வளவு போகும் என்று யோசியுங்கள். சூட்டில் ஆயில் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து புளித்துக் கெட்டியாகும். அதைத் தாங்குவதற்குத்தான் சிந்தெடிக்குக்குக் காசு கொடுக்கிறோம், அதனால் இந்த இரண்டு வரியும் ஆயிலுக்கான உண்மையான பரீட்சை.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. ஆக்ஸிடேஷனை அகச்சிவப்புக் கதிரை வைத்து அளக்கிறார்கள். ஆயில் புளிக்கும்போது உருவாகிற பொருள்கள் எந்த இடத்தில் கதிரை உறிஞ்சுமோ, கிட்டத்தட்ட அதே இடத்தில் எஸ்டரும் உறிஞ்சும். விலை உயர்ந்த சிந்தெடிக் சிலவற்றில் எஸ்டர் சேர்த்திருப்பார்கள். அந்த ஆயிலைப் புதிதாகவே டப்பாவிலிருந்து எடுத்து அனுப்பினாலும் ஆக்ஸிடேஷன் மிக அதிகம் என்று வரும். புது ஆயில் ரிப்போர்ட் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான். புதிதின் எண்ணைக் கழித்துவிட்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பெட்ரோல் வண்டியின் முதல் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு நல்ல ஆயிலை நான் மூன்று மாதம் ஒதுக்கி வைத்திருந்தேன், புது ஆயிலை அனுப்பிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஆக்ஸிடேஷன் ஏறாமல் விஸ்காசிட்டி மட்டும் ஏறியிருந்தால் கரி அளவைப் பாருங்கள், கூலன்ட் வரியைப் பாருங்கள், யாராவது 15டபிள்யூ-40 டாப்-அப் செய்தார்களா என்று டிரைவரிடம் கேளுங்கள். கரி அதிகம் என்றால் இன்ஜெக்டர், ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடுகிற அமைப்பு), அடைத்த ஏர் ஃபில்டர் என்ற வரிசையில் தேடுங்கள்.

டி.பி.என். சீக்கிரம் விழுகிறது

எரிபொருள் எரியும்போது வருகிற அமிலத்தைச் சமன் செய்ய ஆயிலில் இருக்கிற கையிருப்புதான் டி.பி.என். இங்கேயும் புதிதின் எண் தெரியாமல் பேச முடியாது, டி.பி.எஃப். வண்டிக்கான ஆயில்களில் சாம்பல் குறைய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே அதைக் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 எரிபொருள் வந்து, டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.-இலிருந்து 10-க்கு இறங்கிவிட்டது. அமிலம் குறைவு, டி.பி.என். விழுவதும் மெதுவாகத்தான் இருக்க வேண்டும். டி.ஏ.என். புதிதிலேயே பூஜ்யமாக இருக்காது, சேர்மானங்களே அமிலமாகக் காட்டும். இறங்குகிற டி.பி.என்.-ஐ ஏறுகிற டி.ஏ.என். தொடுகிற இடம் ஆயில் மாற்ற வேண்டிய இடம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள். வாரன்ட்டியில் இருக்கிற வண்டி என்றால் ரிப்போர்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் கம்பெனி சொன்ன கிலோமீட்டரையும் தாண்டாதீர்கள்.

துத்தநாகமும் பாஸ்பரஸும் பாதியாகிவிட்டன

“ஆயிலின் சத்து தீர்ந்துவிட்டது” என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அது சரியில்லை. தேய்மானத்தைத் தடுக்கும் மருந்து வேலை செய்து உடைந்து போனாலும் அதிலிருந்த துத்தநாகம் பெரும்பாலும் ஆயிலுக்குள்தான் கிடக்கும், லேப் கருவி அதைத் தனிமமாக எண்ணுவதால் எண் பெரிதாகக் குறையாது. கால்சியம், மெக்னீசியம், மாலிப்டினமும் அப்படித்தான். இவை புதிதின் எண்ணோடு பொருந்தவில்லை என்றால் உள்ளே இருப்பது நீங்கள் நினைக்கிற ஆயில் இல்லை. வேறு ஆயில் டாப்-அப் ஆகியிருக்கலாம், பழைய ஆயில் முழுதாக இறங்காமல் மீதி தங்கியிருக்கலாம், டப்பாவே போலியாக இருக்கலாம். எங்களுக்கு ஒருமுறை இது மூன்றாவதாக இருந்தது. வழக்கமாக வாங்காத ஒரு கடையில் வாங்கிய டப்பா, சீல் எல்லாம் ஒழுங்காக இருந்தது, உள்ளே மாலிப்டினம் சுத்தமாக இல்லை, கால்சியம் பாதிகூட இல்லை. அன்றே இறக்கிவிட்டோம். இந்த ஒரு உபயோகத்துக்காகவே டெஸ்ட் செலவு எனக்குக் கட்டுப்படியாகிறது.

சோடியம், பொட்டாசியம்

இரண்டும் சேர்ந்து ஏறினால் கூலன்ட் கசிவைச் சந்தேகித்து வண்டியை நிறுத்துங்கள். ரிப்போர்ட்டில் தண்ணீர் இல்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள், சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பும் கூலன்ட்டிலுள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் தங்கி பேரிங்கைத் தின்னும். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரே ஊற்றி ஓட்டுகிற வண்டியில் பொட்டாசியம் பெரிதாக அசையாமல் சோடியம் மட்டும் ஏறும், அதுவும் கசிவுதான். ஆனால் சில ஆயில்களின் சேர்மானத்திலேயே சோடியம் உண்டு, புது ஆயில் ரிப்போர்ட்டைப் பாருங்கள். புது வண்டியில் பொட்டாசியமும் அலுமினியமும் மட்டும் சேர்ந்து ஏறியிருந்தால் பெரும்பாலும் கூலரை ஒட்டவைக்கும்போது பூசிய ஃப்ளக்ஸ் என்ற பூச்சு கரைந்து வருவது, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் குறைந்துகொண்டே போகும்.

செம்பு திடீரென்று எகிறியது

ஆயில் பிராண்டை மாற்றிய முதல் சுற்றா? அப்படியென்றால் பதறாதீர்கள். ஆயில் கூலரின் செம்போடு புது ஆயிலின் சேர்மானங்கள் வினைபுரிந்து கொஞ்ச நாள் கரைந்து வரும், அது தேய்மானம் இல்லை. கூடவே ஈயமோ வெள்ளீயமோ ஏறினால் பேரிங். இப்போதைய இன்ஜின்கள் பலவற்றில் பேரிங்கில் ஈயமே கிடையாது, அதனால் ஈயம் பூஜ்யம் என்பதை மட்டும் வைத்து பேரிங் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

ரிப்போர்ட் சுத்தம், ஆனால் இன்ஜின் சத்தம் போடுகிறது

காதை நம்புங்கள். லேப் கருவி ஆயிலை எரித்து அந்த வெளிச்சத்தில் உலோகத்தை எண்ணுகிறது, ஐந்து மைக்ரானைத் தாண்டின துகள்களை அது ஒழுங்காகப் பார்ப்பதில்லை. மெதுவாகத் தேய்கிற இன்ஜினை நன்றாகக் காட்டும், செதில் செதிலாகப் பெயர்கிற இன்ஜினைக் காட்டாமல் விட்டுவிடும். அதோடு, ஆயில் குடிக்கிற வண்டியில் மாதம் ஒரு லிட்டர் டாப்-அப் செய்துகொண்டிருந்தால் எல்லா உலோகமும் கரைந்து குறைந்து அழகாகத் தெரியும், டி.பி.என்.-உம் புத்துணர்ச்சியோடு இருக்கும்.

அப்போது பார்க்க வேண்டியது ஆயில் ஃபில்டரை. தகர டப்பா ஃபில்டரை ஹாக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள், அந்தத் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும், டப்பா திறக்கிற கட்டர் மாதிரி ஒன்று கிடைக்கிறது, அதால் சுற்றி வெட்டுங்கள். காகிதத்தை உருவி, மடிப்பு மடிப்பாக விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் பிடியுங்கள். போன ஆடியில் எங்கள் பழைய வண்டி ஒன்றில் அப்படிப் பிடித்தபோது மடிப்புக்குள் பொன் நிறத்தில் ஐந்தாறு செதில், மீன் செதிலின் முனை அளவுக்கு. காந்தத்தை வைத்தார் பாய், ஒன்றுகூட ஒட்டவில்லை, அப்படியென்றால் இரும்பு இல்லை. “பேரிங் தம்பி, வண்டிய எடுக்காத” என்றார். ரிப்போர்ட்டில் செம்பு 9, ஈயம் 2 என்றுதான் இருந்தது. ஆயில் பேனை இறக்கி மூன்றாவது கனெக்டிங் ராடின் பேரிங்கைக் கழற்றினோம். மேல் பூச்சு கால்வாசி பெயர்ந்திருந்தது, கிராங்க்கில் கீறல் விழவில்லை. பேரிங் செட் மட்டும் மாற்றி, நாலாம் நாள் திருப்பதிக்கு அனுப்பினோம்.